மூன்று நிமிட உதை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விடத்தான் எனக்குச் சம்பளம்.

தொடைக்கு மேல் ஏறும் ரப்பர் காலணி,
கழுத்தில் தொங்கும் கடிகாரம்.
வரும் நீருக்கு முதுகு,
போகும் நீருக்கு வலை.
குதிகாலால் அடிக்கற்களை உதைக்கிறேன்,
மூன்று நிமிடம், ஒரு நொடி கூடாமல் குறையாமல்.
கதவைத் தட்டாமல்
வீடு வீடாகப் புரட்டி
யார் உள்ளே என்று கேட்பது போல.

காலையில் சேற்றோடை.
நேற்றைய மழையில் கலங்கி
பால் விட்ட தேநீர் நிறம்.
கரையெல்லாம் இட்வால் ப்யூவின் ஆட்டுப் புழுக்கை.
"எழுதிக்கொள், என் தப்புதான்" என்று
வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே ஒப்புக்கொண்டார்.
வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன்.
தட்டு நடந்தது.
மூன்று வால் பூச்சி, இரண்டு வால் பூச்சி,
ஒன்றை ஒன்று கட்டிக்கொண்ட கூனி இறால்,
மணலை ஒட்டிச் சட்டை தைத்து
அதற்குள்ளேயே குடியிருக்கும் புழு.
மெரெரித் எண்ணிக்கையைத் தவறவிட்டாள்,
சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்கினாள்.

பிற்பகலில் ஒளியோடை.
வெல்ஷ் மொழியிலும் அதற்கு அதுதான் பெயர்.
மேலே மலையில் மூடிக் கிடக்கும் ஈயச் சுரங்கம்;
கடைசி ஆள் வெளியேறி நூறு வருடம்.
சுரங்கம் மட்டும் இன்னும் ஷிப்டில் இருக்கிறது,
சொட்டுச் சொட்டாக.
அடியில் கிடக்கும் காசில்
வருடத்தைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு.

கல்பாலத்தின் கீழ் ஒரு கல்யாண ஜோடி.
செருப்பைக் கையில் பிடித்து
வெள்ளைக் கவுனைச் சுருட்டி
கணுக்காலை நனைத்துக்கொண்டிருந்தாள் மணப்பெண்.
புகைப்படக்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.
தள்ளி நின்று உதைத்தேன்.

தட்டு தட்டாகவே இருந்தது.
மணல். பளிங்குச் சில்லு. ஒரு இலைக் காம்பு.
குனிந்து பதினோரு நிமிடம் பார்த்தேன்.

படிவத்தில் ஆக்சிஜன்: மிக நன்று.
அமிலம்: நன்று. வெப்பம்: நன்று.
ஆனால் விதி பள்ளிக்கூடத்து விதி;
ஒரு பாடத்தில் போனாலும் ஃபெயில்.

"இதைக் குடிக்கலாமா?" மணப்பெண் கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள். தட்டை நீட்டினேன்.
எட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்,
"ஒன்றுமில்லையே" என்றாள்.

ஸ்கேன் அறை வாசலில்
என் அக்கா கேட்கக் காத்திருந்த சொல்.
அதைச் சொன்ன டாக்டரின் கையை
அவள் விடவே இல்லை.

"ஆமாம்" என்றேன். "ஒன்றுமில்லை."

அவர்கள் போன பிறகுதான்
தட்டின் மூலையில் அசைந்தது:
ஊசி மெலிவில் ஒன்று, இரண்டு வால்,
துத்தநாகத்தைத் தின்று பழகிய வயிறு.
பிடித்ததைச் சாராயப் புட்டியில் போட வேண்டும்.

படிவத்தில் 1 என்று எழுதினேன்.
புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் மெரெரித்.
ஓடையைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்காமல் கையெழுத்திட்டாள்.