ஈரத்தில் இறுகுவது

முப்பத்தொன்பதாம் மாடியில் தொங்கிக்கொண்டு
பிறர் ஜன்னல்களுக்குச் சிலிக்கோன் பூசுகிறவன் நான்.
பதினோரு வருடம்.
என் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு மழை
உள்ளே போனதாகப் புகார் இல்லை.

அந்தத் திமிரில்தான்
பூன் லே புளோக்கின் கீழே, குப்பைத்தொட்டி ஓரம்
யாரோ விட்டுப்போன இரண்டடி மீன்தொட்டியை
மார்போடு அணைத்துத் தூக்கிவந்தேன்.
பக்கவாட்டில் சீனத்தில் ஒரு துண்டுச்சீட்டு.
ஷஹிதுல் அதைப் படமெடுத்து
எவரிடமோ கேட்டுச் சொன்னான்: "ஒழுகும்."
ஒழுகட்டுமே.
ஒழுக்கு இல்லையென்றால் எனக்கு ஏது சம்பளம்?

சைட்டில் மிஞ்சிய அரைக் குழாய்.
பழைய பூச்சின் மேலேயே ஒரே இழுப்பு.
மறுநாள் தண்ணீர்,
அதற்கு மறுநாள் ஆறு நியான் மீன்கள்.
நாலரை மணிக்கு, லாரி வருமுன்
பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.
ஆறும் மேலே வந்திருந்தன.
அந்த நீலம் மட்டும் இன்னும் அணையவில்லை.
வாயில் நுரையோடு நின்றேன்.

செராங்கூன் நார்த் மீன்கடையில் நின்ற பெண்ணுக்கு
இருபது வயதுகூட இராது.
காலிக் குழாயைத் திருப்பி
நகத்தால் ஒரு வரியைத் தொட்டாள்.
பூஞ்சை அண்டாது, குளியலறைக்கு ஏற்றது.
"பூஞ்சைக்கு விஷம்னா மீனுக்கும்தான், அங்கிள்."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
பதினோரு வருடம் என் உள்ளங்கைக்குள் இருந்த எழுத்து.
ஜன்னல்கள் மூச்சு விடுவதில்லை,
அதனால் நான் படித்ததும் இல்லை.

முழுக்கச் சிலிக்கோன், வேறெதுவும் சேராதது,
தொட்டிக்கென்றே எழுதியது:
ஒரு நாள் சாப்பாட்டுக் காசைவிடக் கொஞ்சம் கூட.

ஞாயிறு முழுவதும் பிளேடோடு உட்கார்ந்தேன்.
புதுசு பழசோடு ஒட்டாது.
புதிதாய் வருகிற பையன்களிடம்
தினமும் நான் கத்துவதுதான் இது.
மூலையில் நரம்பு நரம்பாய் உரித்து
ஸ்பிரிட்டால் துடைத்து, காய விட்டு,
டேப் ஒட்டி, மூச்சை அடக்கி
நாலு மூலைக்கும் நாலு கோடு.
விரலால் ஒரு தடவை. இரண்டாவது தடவை கூடாது.

அறை முழுக்கக் காடி வாசனை.
"ஊறுகாயா போடுறே?" என்றான் அருளப்பன்.
ஏர்கானைப் போடச் சொன்னான். மறுத்தேன்.
இது காய்ந்து கெட்டியாகிற சாமான் இல்லை, தம்பி,
காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து இறுகும்.
துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாத இந்த ஊரில்
ஈரத்துக்கா பஞ்சம்?
அன்றிரவு அவன் பாயைத் தூக்கிக்கொண்டு
கூடத்துக்குப் போய்விட்டான்.

சைட்டில் மூன்று நாள் விட வேண்டும் என்றிருக்கும்,
ஒரு நாள் தருவார்கள்.
மேலே தோல் கட்டிவிடும், தொட்டால் ஒட்டாது,
மேஸ்திரி படம் எடுத்து அனுப்பிவிடுவார்.
உள்ளே பச்சையாகவே இருக்கும்.
எத்தனை கோபுரங்களில் அப்படி விட்டு இறங்கினேனோ.

இந்தத் தொட்டியை யாருக்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை.
ராத்திரி வேலை முடிந்து வந்து
சாவியைப் போடுமுன் மூக்கை வைப்பேன்.
திங்கள், கண் எரிந்தது.
வியாழன், குனிய வேண்டியிருந்தது.
சனி, இருக்கிறதா இல்லையா என்று
ஷஹிதுலையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன்.
"உன் சாக்ஸ்" என்றான்.

ஞாயிறு மாலை விளிம்புவரை நிரப்பினேன்.
அடியில் பழைய பேப்பரை விரித்திருந்தேன்.
தூக்கம் வரவில்லை என்று சொல்லமாட்டேன், வந்தது.

நாலரைக்கு டார்ச் அடித்தேன்.
வானிலைக் கட்டத்தில் மாலை இடியுடன் மழை,
ஓர் எழுத்தும் கலையவில்லை.
உள்ளே தண்ணீர்,
தண்ணீருக்குள் டார்ச், என் கட்டைவிரல்.

மீன் அடுத்த வாரம் பார்க்கலாம்.
கீழே லாரி ஹார்ன் அடிக்கிறது.
இன்று நாற்பத்திரண்டாவது மாடி.
பையில் இருக்கிற குழாயை
முதலில் ஒரு தடவை படிக்க வேண்டும்.