நாற்பத்தேழாம் கம்பம்

முதல் ரயில் ஆறரைக்கு.
அதற்குள் கொடிமலை உச்சியிலிருந்து
குகைவாய் வரை நான் நடந்தே இறங்கிவிட வேண்டும்.
சுத்தியல், தலைவிளக்கு, வாக்கி-டாக்கி,
பையில் ஆறிப்போன ரொட்டி சானாய்.
கீழே ஆயர் ஈத்தாம் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் மேகம்.

போல்ட்டைத் தட்டு. கேள்.
இறுகியது ‘டிண்’ என்னும்.
தளர்ந்ததற்கு நாக்குத் தடித்திருக்கும்.
பதினோரு வருடம் பழகிய காது;
வீட்டு அழைப்புமணிதான் அதற்குக் கேட்பதில்லை
என்பாள் தவமலர்.

நாற்பத்தேழாம் கம்பத்தருகே ஒரு பட்டமரம்.
அதன் உச்சியிலிருந்து இறங்கிற்று
தலை முன்னால், வால் வானத்துக்கு.

ஏணியில் இறங்கும் எவனும்
பிட்டத்தை முன்னே அனுப்பித்தான் இறங்குவான்.
ரயிலே கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டுதான்
இந்தச் சரிவில் இறங்குகிறது.
இதற்கோ நகம் போதும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு.
ஊதா முதுகு, மிளகாய்ப்பழ அலகு,
நெற்றியில் மட்டும்
தையற்காரன் ஒட்டுப் போட்டதுபோல் கறுப்பு வெல்வெட்.
ஒரு வெடிப்பை விடவில்லை.
பட்டையை நெம்பும், எட்டிப் பார்க்கும்,
பக்கவாட்டில் நகரும், மறுபடி நெம்பும்.

என் வேலையைத்தான் செய்கிறது என்று நினைத்தேன்.
இல்லை.
கிடைக்க வேண்டும் என்று தேடுகிறது அது.
ஒன்றும் கிடைத்துவிடக் கூடாதே என்று நான்.

மரத்தின் இடுப்பில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி.
போட்டது நான்தான், போன வாரம்.
பட்டது கயிற்றின்மேல் சாய்ந்தால்
பெட்டிக்குள் நூறு பேர்.
குறியின் ஒரு கோட்டின் மேலேயே நடந்து வந்து,
இரண்டும் வெட்டும் இடத்தில் நின்று,
பெயிண்ட் உரிந்த விளிம்பிலிருந்து
வெள்ளையாய் எதையோ இழுத்து
விழுங்கிற்று.

ரேடியோவில் ஹோக் செங்:
“என்னப்பா, தூங்கிட்டியா?”
மலாயில் சொன்னேன், பனி அதிகம் என்று.

செவ்வாய்க்கிழமை ருஸ்லானும் ஆட்களும் வந்தார்கள்.
மரம் மேலிருந்து துண்டு துண்டாய்,
அதுவும் தலை முதலில்,
இறங்கிற்று.

வியாழன் காலை
அதே இடத்தில் கம்பம் மட்டும், ஈரமாய்.
அதன் உச்சியில் ஊதாவாய் ஒரு புள்ளி.
தலைகீழாய் இரண்டு முழம் வந்தது.
நின்றது.
அலகை வைத்துப் பார்த்தது இரும்பில்.
வெடிப்பில்லை, பட்டையில்லை,
சரிவர வெல்டு செய்த கம்பம்.
மேகத்துக்குள் போய்விட்டது.

நான் போய் ஒருமுறை தட்டினேன்.
டிண்.

பதிவேட்டில் எழுதினேன்:
கம்பம் 47. பார்த்தாயிற்று.
ஒன்றும் இல்லை.