முப்பத்தொரு ஓட்டை

லாண்ட்மாஸ்டர் பழசு, கைப்பிடி நடுங்கும்.
பெட்டி அதைவிடப் பழசு.
வவுனிக்குளத்து அணைக்கட்டில் இருந்து
மல்லாவிச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள்
விராலுக்குக் கண் வெளுத்துவிடும்.
போன வைகாசியில் மட்டும்
நாற்பது கிலோ ஜப்பான் மீனைக்
கிடங்கு வெட்டிப் புதைத்தேன்.
புதைத்த இடத்தில் இப்போ
கேட்காமலே ஒரு பப்பாசி.

பெட்டிக்குக் கூரை போடுவதென்று முடிவு.
கூரை, நாலு சுவர், பின்னால் ஒரு கதவு,
உள்ளே ரெஜிபோம், அதற்குள் ஐஸ்.
மரியசீலன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
"கம்பி என்னட்டக் கிடக்கு, தகரம் நீ கொண்டா.
காசு பிறகு தா.
பிறகு எண்டால் மாசி, சொல்லிப்போட்டன்."

புதுத் தகரத்தின் விலையைக் கேட்டுவிட்டு
கடையில் ஒரு சோடா மட்டும் குடித்தேன்.
வீட்டுக்கு வந்து
கோழிக்கூட்டின் மேல் கிடந்த எட்டையும் கழற்றினேன்.
கோழிகள் அன்றிரவு முருங்கையில் ஏறின.
இரண்டு நாள் முட்டை இல்லை.

குகனேசன் வின்னிபெக்கில் இருந்து படம் அனுப்பினான்,
பெரியம்மாவின் மகன்.
அவனுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது.
பென்னாம்பெரிய வாகனம், இழுவையில் வெள்ளைப் பெட்டி,
உள்ளே ஹீட்டர், இரண்டு கட்டில்,
தரையில் வட்டமாய் ஒரு மூடி.
ஏரி முழுக்க ஐஸாம்.
அதற்கு மேலேயே ஓட்டிப் போய் நிறுத்தி
மூடியைத் திறந்து
ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் விடுவானாம்.
"ஐஸுக்கு எவ்வளவு எடுக்கிறாங்கள்?" என்று கேட்டேன்.
சிரித்துக்கொண்டே இருந்தான்.
நான் பகிடி விட்டதாய் நினைத்திருக்க வேணும்.

தகரம் அடித்து முடிந்த மத்தியானம்
மரியசீலன் பெட்டிக்குள் போய்க்
கதவைச் சாத்தச் சொன்னான்.
சாத்தினேன்.
உள்ளே எண்ணத் தொடங்கினான்.
பதினேழில் நின்று ஒருக்கால் இருமினான்.
முப்பத்தொன்று.
நானும் ஏறிப் பார்த்தேன்.
ஓட்டைக்கு ஒரு கோல் வெயில்,
அவன் சட்டையில், என் கழுத்தில், தரையில்.
சிலது ஆணித் துளை.
சிலது ஆணித் துளை இல்லை.
இந்தத் தகரங்கள் எங்கெங்கே
யார் யாருக்கு மேலே கிடந்தன என்று
நான் சொல்லவில்லை.
அவன் கேட்டது,
"பசை எத்தினை பக்கற் வாங்கினனீ?"

ஓரம் பூப்போல விரிந்திருந்தால்
முதலில் சுத்தியலால் தட்டிப் படுக்கவைக்க வேணும்.
பிறகு மண்கடதாசி, பசை, மேலே ஒரு சதுரத் தகரம்.
பசை இறுகும்வரை விரலை எடுக்கக்கூடாது.
மூன்று நாள் பிடித்தது.
பிறகும் மரியசீலன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.
வெகுநேரம் சத்தமில்லை.
"என்ன?" என்றேன்.
"இருட்டு" என்றான். "நல்ல இருட்டு."

இனி மிச்சம்:
தராசு கொளுவ ஒரு கொக்கி.
குளம் வற்றிய சேற்றுக்கு இரும்புச் சில்லு,
றோட்டுக்கு வந்தால் டயர்,
மாற்றுவதற்கு ஒரு ஜக்,
என்னோடு நின்று அதைப் பிடிக்க
விடியற்காலை மூன்று மணிக்கு
மரியசீலனின் தங்கை ஜெறோமினா,
கூலி ஒரு கோர்வை மீன்.

எல்லாம் முடிந்து சாவியைத் தந்தவன்
திரும்பி வந்து
தரையின் பின்மூலையைக் காலால் தட்டினான்.
ட்ரில்லை எடுத்தான்.
"டேய்!" என்று கத்திவிட்டேன்.
"ஐஸ் உருகினா தண்ணி எங்கால போகும்?" என்றான்.

முதல் ஓட்டம் இன்று.
இருபத்தெட்டுக் கிலோ, கண் வெளுக்காமல்.
வவுனிக்குளத்தில் இருந்து மல்லாவிவரை
றோட்டில் எங்களுக்குப் பின்னால்
நூல்போல ஒரு ஈரம்.
அதை மணந்துகொண்டு
பாண்டியன்குளத்து நாய் ஒன்று
சந்தைவரைக்கும் வந்துவிட்டது.