இரண்டே சொல்

கூடைப்பந்து வளையத்தில் கட்டிய திரை
காற்றில் உப்பிக் கப்பலாகப் பார்க்கிறது.
சேந்தாந்த்ரே. சனி இரவு.
நாங்கள் ஆறு பேர். ஏழாவது, ஜெனரேட்டர்.

அரசனுக்குப் பகலில் பேருந்து ஓட்டும் வேலை.
எக்ஸ்பெதி வீராப்பின். தமிழ் எழுத்து தெரியாது;
பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த விருத்தத்தை
நிறுத்தம் நிறுத்தமாக நெட்டுருப் போட்டவர்.
ழகரம் வந்தால் பிரேக் போடுவார்.

மேடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.
பாட்டு முடிந்ததும் கிரியோலில் சொல்ல வேண்டும்.
அதுதான் என் வேஷம்.

நாடிழந்தவன் பாடினான், இருபத்திரண்டு அடி:
ஆறு, கொடி, யானை,
மகள் உண்ணாமல் வைத்துப்போன சோறு.
எழுந்து சொன்னேன்: ‘லெ ர்வா இ ப்ளேர்.’
அரசன் அழுகிறான்.

சமோசா தின்றுகொண்டிருந்த சிறுமி கேட்டாள்:
‘அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பாடினாரே!’

கன்னம் சுட்டது எனக்கு.
எக்ஸ்பெதி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
மறுபடி தொடங்கினார், அடி அடியாக.
ஆறு என்றார். ஆற்றைச் சொன்னேன்.
‘நம்ம ரிவியேர் து மா மாதிரியா?’
ஆமாம், புயலுக்கு மறுநாள், என்றேன்; ஏட்டில் அது இல்லை.
யானைக்குத்தான் திணறினேன்:
கரும்பு லாரி அளவு இருக்கும்,
ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும்.

பதினேழாம் அடியில் ஜெனரேட்டர் நின்றது.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
இருட்டுக்குள் அதே குரல்:
‘அந்தச் சோத்தை அப்புறம் யார் சாப்பிட்டாங்க?’

எனக்குத் தெரியாது. அரசனுக்கும் தெரியாது.
பெட்ரோல் வாங்கப் போன ழீல்பேர் திரும்பும்வரை
மைதானம் முழுக்க
அதே வாக்குவாதம்.