இரண்டாம் போத்தல்

குளுகோர், மூன்றாம் மாடி. குளிர்சாதனம்
எங்களுக்கல்ல, இயந்திரத்துக்கு.
ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு தங்கத் தகடு,
அடகுக்கடையில் நீட்டினால் சிரிப்பார்கள்.
அதன்மேல் கந்தகத்தால் ஒட்டி நிற்கின்றன
டி.என்.ஏ. இழைகள், கண்ணுக்குத் தெரியாத புல்.

யாருடைய இழை என்று தொலைபேசியில் அம்மா கேட்டாள்.
யாருடையதும் இல்லை.
எழுத்துகளைச் சொல்லி அனுப்பினோம்,
ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது.
அப்பனில்லை, ஆத்தாளில்லை, ஜாதகம் கணிக்க முடியாது.
அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே:
ஈயம் வந்தால் மடிந்துகொள்ளும்.
மடியும்போது நுனியில் கட்டிய நீலச்சாயம்
தங்கத்தின் பக்கம் சாயும்,
மின்சாரம் ஒரு துளி கூடும்,
திரையில் ஒரு மேடு எழும்.
இவ்வளவுக்குத்தான் நாலு வருஷம்.

பிறையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு வாய்க்கால்.
அது கடலில் கலக்குமிடத்தில் பக்சிக் ரம்லி
படகிலிருந்து போத்தலை இறக்கினார்.
திங்கள் இரவு மேடு எழுந்தது.
மேடா அது? கொடிமலை!
சியூ லிங்கும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.
பிறகுதான் உறைத்தது, எதற்குக் குதிக்கிறோம் என்று.
அந்தச் சேற்றில் சிப்பி பொறுக்குகிறார்கள்.

அவள் அறிக்கையின் முதல் வரியை அடிக்கத் தொடங்கினாள்.
நான் பக்சிக்கை அழைத்து ஆழம் கேட்டேன்.
ரெண்டு ஆள் ஆழம், என்றார்.
போத்தல் மிதந்துகிட்டே இருந்துச்சு,
கழுத்துல தூண்டில் குண்டு நாலு கட்டி இறக்கினேன்.
என்ன குண்டு?
ஈயம்தான். வேற எதுல செய்வாங்க?

இழையைக் குறை சொல்ல முடியாது.
ஈயமா என்று கேட்டோம், ஆமாம் என்றது.
எந்த விலாசத்து ஈயம் என்று
நாங்கள்தான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன்.
படகில் வாந்தி எடுத்தேன்.
பக்சிக் ஒரு கருங்கல்லைக் கழுவிக் கழுவி
நைலான் கயிற்றில் சுருக்கிட்டார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
தூரத்தில் பாலத்தின்மேல் லாரிகள்.
இரண்டாம் போத்தல் இறங்கியது.

இன்றிரவு திரையில் மலை இல்லை.
படுக்கை விரிப்பில் சுருக்கம் விழுந்த மாதிரி
ஒரு சின்ன மேடு.
மூன்று முறை ஓட்டினோம், மூன்று முறையும் இருந்தது.
சியூ லிங் பழைய வரியை அழித்தாள்,
புதிய வரி வரவில்லை, மைலோ கலக்கப் போய்விட்டாள்.

கைப்பேசியில் பக்சிக்: எப்படி? சிப்பி சாப்பிடலாமா?
எண்ணை எழுதி அழித்தேன்.
இருக்கு, சிகிட், என்று அனுப்பினேன்.
சிகிட் என்றால் கொஞ்சம்.
உடனே பதில் வந்தது:
எவ்வளவு சிகிட்?