மிதமான மேய்ச்சல்

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்
ஒரு புள்ளி.
கோவையில், மூன்றாவது மாடியில், குளிரூட்டிய அறையில்
இந்தக் கடலை நான் அப்படித்தான் அறிந்திருந்தேன்.
கரும்பச்சை என்றால் புல், வெளிறினால் மணல்,
ரெண்டுங்கெட்டானுக்கு ஒரு சூத்திரம்.
ஆறு ஆண்டுகள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
செருப்பு நனையவில்லை.

முள்ளிமுனையில் இறங்கிய முதல் காலையில்
என்னுடைய ஒரு புள்ளியைக் குறுக்கே கடக்க
ஏழு நிமிடம் ஆயிற்று.
முழங்கால் வரை சேறு. இடது செருப்பை
அது வாங்கிக்கொண்டது. ரசீது தரவில்லை.

சம்பளமில்லாத வேலை. ஒன்பது பேர்.
கீழக்கரை இர்ஷாத், கணக்கு படிக்கிறவன், நீச்சல் தெரியாது.
பரமக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சண்முகவடிவு,
ஞாயிறுகளில் மட்டும்.
வள்ளம் அடைக்கலமேரியுடையது. என் வயதுதான் அவளுக்கும்.
நண்டு வலைக்குப் போகாத நாளில் எங்களை ஏற்றுவாள்,
டீசல் காசு முன்கூட்டியே.

மூங்கில் சட்டம். குறுக்கே தென்னங்கயிறு.
முறுக்கைப் பிரித்து, இடுக்கில் புல்லின் வேர்,
சட்டத்துக்கு இருபது தண்டு.
என் முடிச்சுகள் அழகாக இருந்தன,
கரையில்.
தண்ணீருக்குள் போனதும்
என்னை யாரென்றே தெரியாதவை போல அவிழ்ந்தன.
திரும்பக் கட்டினேன். திரும்ப.

மூன்று வாரம் கழித்து
சட்டம் இருந்தது, கயிறு இருந்தது,
புல் இல்லை.
யாரோ சவரம் செய்துவிட்டுப் போனது போல
ஒட்ட அரிந்த கட்டைகள்.

உப்பு கூடிவிட்டது என்றேன். கலங்கல் என்றேன்.
வெளிச்சம் போதவில்லை என்று
ஈர விரலால் வள்ளத்துப் பலகையில் வரைபடமே போட்டேன்,
வெயில் அதை உடனே அழித்தது.
அடைக்கலமேரியைக் கேட்டதற்கு
"எனக்கென்ன தெரியும், நான் என்ன
புல்லைப் பாக்கவா கடலுக்குப் போறேன்?" என்றாள்.

கச்சான் ஓய்ந்த ஒருநாள் தண்ணீர் தெளிந்தது.
கண்ணாடி மாட்டி, மூச்சுக்குழலைக் கடித்து
புதுச் சட்டத்தருகில் மண்டியிட்டேன்.
முதலில் காதுக்குள் என் மூச்சு மட்டும்.
பிறகு நறுக் நறுக்கென்று ஏதோ.
பள்ளி விட்டது போல வந்தன ஓரா மீன்கள்.
பழுப்பு உடம்பில் வெளிர்ப் புள்ளி,
சின்ன வாய், அவசரமில்லாத வாய்.
நேற்று நட்டதை
நான் நட்ட வரிசையிலேயே தின்றன.

'மேய்ச்சல் அழுத்தம் மிதமானது'
என்று என் ஆய்வேட்டில் இருக்கிறது,
நூற்று நாற்பதாம் பக்கம்.
அதை விரட்டக் கை நீட்டினேன்.

மேய்ச்சல் அழுத்தத்துக்கு முதுகில் முள் உண்டு.
முள்ளில் விஷம் உண்டு.
மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையில் நின்று யோசித்து,
மேலும் ஏறியது.
வள்ளத்தில் கிடந்து என்ன கத்தினேன் என்று
இர்ஷாத் இன்னும் சொல்ல மறுக்கிறான்.
பிளாஸ்க்கில் இருந்த டீ முழுவதையும்
அடைக்கலமேரி என் கைமேல் கவிழ்த்தாள்.
பொறுக்கிற சூடு. வலி மெல்ல இறங்கியது,
சர்க்கரை பிசுபிசுத்தது.
"குடிக்க வச்சிருந்தது" என்றாள்,
கரை வரும்வரை மூன்று தடவை.

இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.
மூன்றாம் நாள்
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
'மிதமானது' மேல் ஒரு கோடு.
பதிலுக்கு என்ன சொல் என்று தெரியவில்லை.
அந்த இடம் காலியாக இருக்கிறது,
சற்று வீங்கி.

இப்போது சட்டங்களின் மேல்
கிழிந்த நண்டு வலை போர்த்தியிருக்கிறோம்
(அடைக்கலமேரி விலைக்குத்தான் கொடுத்தாள்).
ஓட்டைகளை என் தையல் அடைக்கிறது.
அழகாக இல்லை. அவிழவும் இல்லை.

இன்று கொண்டல்.
தண்ணீர் வடிகஞ்சி போல, கண்ணுக்கு வேலையில்லை.
வலைக்கடியில் கையை விட்டு எண்ணுகிறேன்,
மேலே இர்ஷாத் பலகையில் கோடு போடுகிறான்.
பதினைந்து. பதினாறு.
அடுத்து விரலில் வழுக்கியது
புல்லா, கயிற்றின் நுனியா,
இன்னொரு முள்ளா,
கையை எடுக்காமல்
இருக்கிறேன்.