ஊதா மை

வால்டிவியாவில் இன்றும் மழை.
மூன்றாம் மாடிப் பயிற்சிக்கூடத்தில்
நாலாம் கட்டிலில் கிடப்பவர் டொன் எலியாசர்,
வயது அறுபத்தேழு, மீன்துறையில் சுமைதூக்கி,
நான்கு நாளாய்க் காய்ச்சல்,
எடை முப்பத்தொன்பது கிலோ,
ரப்பரும் மோட்டாரும் சேர்த்து.
ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் நான்
அவருடைய நுரையீரல்,
அவருடைய நாடி,
மாலை ஐந்தரை வரைக்கும் அவருடைய வாய்.

முன்பு ரேடியோ பழுதுபார்த்தேன்.
அங்கே இரைச்சலை நீக்குவது வேலை.
இங்கே இரைச்சலைப் போடுவது:
இடது நுரையீரலின் அடியில் ஒரு கரகரப்பு,
உப்புத்தாளைத் தேய்த்தாற்போல.
மூச்சு இருபத்தெட்டு.
நாடி நூற்றிருபத்தாறு.
அழுத்தம் எண்பத்தெட்டுக்கு நாற்பத்தாறு,
இறங்கிக்கொண்டிருக்கிறது.

நான்கு பேர் வந்தார்கள்,
மூன்றாம் ஆண்டு, சீருடையில் மடிப்புக் கலையாமல்.
ஓஸ்வால்டோ மானிட்டருக்கு வணக்கம் சொன்னான்.
உண்மையாகத்தான்.
திரையைப் பார்த்தபடியே
"வணக்கம் டொன் எலியாசர்" என்றான்.

"படகு வந்துட்டுதா?" என்றேன் நான்.
"பெட்டியெல்லாம் நனையுது, யாராவது தூக்குங்க."
கத்தலினா சிரித்தாள். "பாவம், தூக்கத்துல உளறுறார்."
காலையில் தெளிவாகப் பேசினார் என்று
குறிப்பேட்டில் எழுதியிருந்தது.
யாரும் அதைப் புரட்டவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
ரப்பருக்குக் காய்ச்சல் வராது, வேர்க்காது,
நகத்தை அமுக்கினால் வெளுக்காது.
ரத்தம் ஓட மறந்த தோல் எப்படியிருக்கும் என்பதற்கு
என் கணினியில் பொத்தான் இல்லை.
அதனால் ஒவ்வொரு முறையும், முந்தின இரவு,
பஞ்சில் ஊதா மை தொட்டு
இரண்டு முழங்கால்களிலும் ஒற்றிவைப்பேன்,
வலைக்கண் போல, நடுவே வெளிறல் விட்டு.
பாடத்திட்டத்தில் இது கிடையாது.
பேராசிரியை உபில்லாவுக்கும் தெரியாது.
ஆறு வருஷம். போர்வையை யாரும் நீக்கியதில்லை.

ஆறாம் நிமிடம். எண்பத்திரண்டு.
கருவி பொய் சொல்கிறதென்று
ஓஸ்வால்டோ பட்டையை அவிழ்த்து
மறு கையில் கட்டினான்.
எழுபத்தெட்டு. பொய் வளர்ந்தது.

சுவரோரம் நின்றவள்,
பெயர்ப்பட்டையில் ரயென் வைக்கிமில்,
இதுவரை வாய் திறக்காதவள்,
குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்தாள்.
அடியில் கொஞ்சம், கடுந்தேநீர் நிறத்தில்.
பிறகு போர்வையின் நுனியைப் பிடித்தாள்.
என் விரல் விசைமேல் அப்படியே நின்றது.

"முழங்காலைப் பாருங்க."

அவ்வளவுதான். அதிலும் பாதி தொண்டையில்.
ரப்பர் பதில் சொல்லாதென்று தெரிந்தும்
அவர் விரல்நகத்தை அமுக்கிவிட்டு எண்ணினாள்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நான் மைக்கைத் திறந்து "ஐந்து" என்றேன்.

அதற்கப்புறம் அறைக்குக் கால் முளைத்தது.
டாக்டரைக் கூப்பிடு.
கல்ச்சருக்கு ரத்தம் எடு, மருந்துக்கு முன்னாலேயே.
ஆக்சிஜன். ஆன்டிபயாடிக் எந்த அலமாரி?
கத்தலினாவுக்கு ஊசி இரண்டு முறை தப்பியது,
மூன்றாவதில் ஏறியது.
சலைன் ஒரு லிட்டர் ஓடியும் அழுத்தம் ஏறவில்லை.
ஏறாது. நோயை நான் தள்ளுபடியில் கொடுப்பதில்லை.
ரயென் தொலைபேசியில் நார்அட்ரினலின் கேட்கும்போது
கட்டில் எண் மறந்துபோய் நின்றாள்.
"நாலு" என்று முனகினார் டொன் எலியாசர்.
என் தாளில் இல்லாத வசனம்.

ஐந்தரைக்கு விளக்கை அணைக்கப் போனேன்.
அடுத்த அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு
எது தாமதம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.
யார் தாமதம் என்றும்.
இங்கே போர்வை
கழுத்துவரை இழுத்துவிடப்பட்டு
பாதங்களுக்கடியில் செருகியிருந்தது.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
மை முழுதாகப் போகவில்லை. போனதேயில்லை,
ஆறு வருஷத்து ஊதாவும் அடியில் கிடக்கிறது.

இரவு விறகடுப்பு அணைந்த பிறகும்
தகரக் கூரையில் மழை எண்ணிக்கொண்டிருந்தது.
தூக்கம் பிடிக்காமல் எழுந்து
விளக்கைப் போட்டு
என் போர்வையை நீக்கிப் பார்த்தேன்.